தலைமடையின் கடிகாரம்

முறைத் தண்ணீர் விடும் நாட்களில் துளசிராமன் வீட்டு அலாரக் கடிகாரம் வீட்டில் இருப்பதில்லை, விடிந்ததும் அதைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய் ஏரி மதகருகே நிற்கும் புங்கமரக் கிளையில் மாட்டிவிடுவார், ஏக்கருக்கு ஒரு மணி நேரம், தலைமடையில் இருக்கும் தம் வயலானாலும் கடைமடையில் இருக்கும் கெங்கம்மாளின் வயலானாலும் அதே ஒரு மணி, ஒரு நிமிடம் கூடாது, குறையாது... ஊரார் அவரைத் தர்மராஜா என்று பாதி மரியாதையாகவும் பாதி கேலியாகவும் கூப்பிட்டார்கள், இரண்டுமே அவருக்குப் பிடித்திருந்தது. இன்று கடைசி முறை கெங்கம்மாளுடையது, பாதி நேரம் போயும் தண்ணீர் வந்து சேரவில்லை என்று அவள் வரப்பிலிருந்து கூவியது மதகுவரை கேட்டது, "நடுவுல எவனோ வெட்டிக்கினு கீறான் அண்ணா, போய்ப் பாருங்கோ, கையும் களவுமா மாட்டுவான்" என்றான் மதகுக்காரன் சுப்பிரமணி. கடிகாரத்தை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு வாய்க்கால் ஓரமாகவே நடந்தார்.

வாய்க்கால் நடுவில் வயல் வைத்திருக்கும் சுப்பராயன் வேலையாகத்தான் இருக்கும், அவன் பார்வையே சரியில்லை... ஆனால் சுப்பராயனின் மடை களிமண் வைத்து இறுக்கமாக மூடியிருந்தது, அடுத்தவன் மடையும், அதற்கடுத்ததும் அப்படியே, பிறகு திருடன் எங்கே? மதகில் முழங்கால் ஆழம் பாய்ந்த தண்ணீர் இங்கே கணுக்காலைக்கூட நனைக்கவில்லையே, இந்த மணல் திருப்பத்தில் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறதே, நண்டு வளைகளில் குமிழியிட்டு மறைகிறதே... போன ஊர்க்கூட்டத்தில் கெங்கம்மாள் இதைத்தானே சொன்னாள், "கடியாரத்துல ஒரு மணி நைனா, என் கயனில கால் மணிகூட இல்ல, வர்ற வழியிலியே பாதி பூடுது", அதற்கு அவர் என்ன சொன்னார், "அப்ப கடியாரத்த உன் ஊட்டுக்கே எடுத்துகினு போயேன்", எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அவளுக்காகப் பேச அங்கே யார் இருந்தார்கள், புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, தம்பி கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்விட்டான். யானைக்கும் ஆட்டுக்கும் ஒரே உயரத்தில் தொட்டி கட்டிய ராஜா, ஆடு தாகத்தில் செத்ததும், தொட்டிதான் நிறைந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டானாம்... மகள் அஞ்சம்மாளுக்கு இந்தக் கதையை எத்தனை தரம் சொல்லி அந்த ராஜாவைப் பார்த்துச் சிரித்திருப்பார். தெரியாமல் செய்ததுதானே? தெரியாமலா? தலைமடை நிலம்தான் வேண்டும் என்று அப்பா கூடுதல் விலை கொடுத்து வாங்கினாரே, எல்லாருக்கும் ஒரே மணி என்றால் அந்தக் கூடுதல் விலை எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா, கேட்காமல் இருந்தது மறதியா, வசதியா...

கடைமடையில் பால் பிடிக்க வேண்டிய கதிர்கள் வெளுத்து நிமிர்ந்து நின்றன, வெடித்த மண்ணில் ஒரு மெல்லிய ஈரக்கோடு இப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. கெங்கம்மாள் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். "இன்னா நைனா, திருடன் ஆப்ட்டானா?" துளசிராமன் தலையை ஆட்டினார், அகப்பட்டான் என்றா இல்லை என்றா, அவருக்கே தெரியவில்லை. "அடுத்த மொறையிலேர்ந்து உன் கயனில தண்ணி பட்ட அப்பறந்தான் மணி பாப்போம், கூட்டத்துல நானே சொல்றேன்" என்றார். அவள் கதிர் ஒன்றை நகத்தால் நசுக்கிப் பார்த்தாள், "அடுத்த மொறைக்கு இது உசுரோட இருக்கணுமே. அது கெடக்கட்டும், போன மொறை எனக்கு வராத தண்ணி?" என்றாள். மணி முடிந்து, தூரத்தில் சுப்பிரமணி மதகை அடைக்கும் ஓசை கேட்டது, அவனைத் தடுக்க முடியாது, ஏரித் தண்ணீர் ஊருக்குப் பொது, தர்மராஜாவுக்கே ஆனாலும் அள்ளிக்கொடுக்க உரிமை இல்லை... அவர் அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, வாய்க்கால் ஈரம் காய்வதற்குள், வந்த வழியே வேகமாக நடந்தார், தம் வயலில் காலையில் கட்டிய தண்ணீர் வரப்பு மட்டத்துக்கு வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது, வரப்பை ஓங்கி வெட்டினார். "அண்ணா, இன்னா பண்றீங்கோ, உங்க பயிரு!" என்று சுப்பிரமணி ஓடிவந்தான். தண்ணீர் கலங்கலாகச் சரிந்து வாய்க்காலில் விழுந்து கடைமடைப் பக்கம் திரும்பியது, இதில் தம்முடையது எவ்வளவு, அவளுடையது எவ்வளவு, எந்த இடத்தில் வரப்பைத் திரும்ப அடைப்பது... அவர் மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றார்.