இலை அட்டை

அந்த ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு எமன் கதவுக் கைப்பிடியில் தொங்கினான். இலைப் படம் போட்ட பச்சை அட்டை. ‘நாளை என் அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம், தண்ணீரைச் சேமிப்போம்’ என்று அதில் எழுதியிருக்கும். விருந்தினர் அதை மாட்டிவிட்டு, பூமியைக் காப்பாற்றிய நிம்மதியோடு கடலில் குளிக்கப் போவார்கள். மாலை நான்கு மணிக்கு மேற்பார்வையாளர் சுற்றி வருவார். அட்டை இல்லாத கதவுகளை எண்ணி, ஆளுக்குப் பதினைந்து அறை என்று மறுநாளுக்கு ஆள் கூப்பிடுவார். முப்பதுக்குள் அடங்கினால் இரண்டு பேர் போதும். மூன்றாமவருக்குப் போன் வராது.

அந்த மூன்றாமவள், தினமும் போன் வரும் இருவரில் ஒருத்தியான அண்ணியின் நாத்தனார். சேர்ந்த நாளிலிருந்து “அண்ணி, அண்ணி” என்று இவள் பின்னாலேயே அவள் சுற்றியதில், ஓட்டலே இவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நாத்தனார் புருஷன் விட்டுவிட்டுப் போனவள். கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். தட்டில் இரண்டாம் முறை சோறு கேட்க அவளுக்கு வாய் வருவதே இந்த வேலையால்தான்.

எட்டு நாளாக அவளுக்குப் போன் வரவில்லை. தொடர்ந்து பத்து நாள் கூப்பிடப்படாதவர் பெயர் பட்டியலிலிருந்து தானாகவே போய்விடும் என்று விதி. தானாகவேயாம்! அதை எழுதிய புண்ணியவான் எந்தக் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறானோ.

எட்டாம் நாள் மூன்றரை மணிக்கு, மூன்றாம் மாடியில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, அண்ணி எட்டுக் கதவுகளின் அட்டைகளை உருவி அழுக்குத் துண்டுகளுக்கு அடியில் திணித்தாள். விருந்தினர் விட்டுப்போன சோப்பைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவள் அவள். நான்கு மணிக்கு மேற்பார்வையாளர் எண்ணினார். முப்பத்தெட்டு அறை.

“யூனிஃபார்மைத் தேய்ச்சு வைடி” என்றாள் வீட்டுக்கு வந்து.

காலை ஆறு மணிக்கு அண்ணியின் போன் மட்டும் அடித்தது. நாத்தனாரின் போனில் சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று இருவரும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

“முப்பத்தெட்டுதானே?” என்றார் மேற்பார்வையாளர், அண்ணி ஓட்டலுக்கு வந்து கேட்டபோது. “ஆளுக்குப் பத்தொம்பது. நீங்களும் மின்னலும் ஊதித் தள்ளிடுவீங்க.” மின்னல் என்பது கூட வேலை செய்கிறவள். கை அவ்வளவு வேகம்.

“சார், பதினஞ்சுக்கே இடுப்பு ஒடியுது. இன்னொரு ஆளைக் கூப்பிடலாமே?”

“யாரு, உங்க நாத்தனாரா? தாராளமா.” அவருக்கு வாயெல்லாம் பல். “இன்னைக்கு உங்களால முடியலைன்னா சொல்லுங்க. நாளைக்கு அவங்களை வரச் சொல்லிட்டு உங்களை வீட்ல இருக்கச் சொல்றேன். எனக்கு ரெண்டு பேர் போதும்.”

மதியம் லிஃப்ட் வாசலில் அண்ணி மின்னலைப் பிடித்தாள். “பதினஞ்சோட நிறுத்திக்கலாம்டி. ரெண்டு பேரும் நிறுத்தினா அந்த ஆளு என்ன பண்ண முடியும்?”

மின்னல் தலையணை உறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நிறுத்தலாம் அண்ணி. நீங்க முதல்ல நிறுத்துங்க. நான் பாத்துட்டு நிறுத்துறேன்.”

அவளை வையவும் வாய் வரவில்லை. அண்ணியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்குப் பதினைந்து முடிந்தது. பதினாறாவது கதவைத் தட்டினாள். அட்டையை உருவிய அறைகளில் ஒன்று. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மா திறந்தார்.

“நான் அட்டை மாட்டியிருந்தேனே, விழுந்துடுச்சா? உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வா இருக்குமேன்னுதான் மாட்டினேன். பரவாயில்லை, நீங்க போங்கம்மா.”

நல்ல மனுஷிதான். ஆனால் அவர் கொடுத்த அந்த ஓய்வில்தான் வீட்டில் ஒருத்தி எட்டு நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லியிருக்கலாம். திரும்பி நடந்தும் இருக்கலாம். போகச் சொல்லிவிட்டார்களே, பத்தொன்பது தானாகவே முடியாமல் போகும், அவர் சொன்னபடி நாளைக்கு இவளுக்குப் பதில் நாத்தனாருக்குப் போன் வரும். அண்ணிக்கு வரப்போவது என்ன? வீட்டில் உட்கார்ந்து எண்ண வேண்டிய பத்து நாள்.

“இல்லைங்க மேடம், செய்ய விடுங்க” என்றாள். கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

ஐந்தரைக்குப் பத்தொன்பதும் முடிந்தது. மேற்பார்வையாளர் முதுகில் தட்டாத குறை. “பாத்தீங்களா? இனிமே இதுதான் நம்பர்.”

வீட்டில் அண்ணி பாயில் குப்புறப் படுத்தாள். நாத்தனார் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து, கேட்காமலே இடுப்பில் தைலம் தேய்த்தாள்.

“நாளையோட பத்து நாள் அண்ணி. ஏதாச்சும் சொன்னாங்களா?”

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாம். விதியின் தலையில் போட்டுவிடலாம். முடியவில்லை.

“கூப்பிட மாட்டாங்கடி. உன் ரூமையும் சேத்து நானே செஞ்சுட்டு வந்துட்டேன். நிறுத்தியிருந்தா உன்னைக் கூப்பிட்டிருப்பாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு.”

இடுப்பில் இருந்த கை நின்றது. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை மறுபடி தேய்க்க ஆரம்பித்தது.

“நாலு மணிக்கு வர்றவங்க ஆறு மணிக்கு வந்தீங்கல்ல” என்றாள் நாத்தனார். “அப்பவே தெரிஞ்சுடுச்சு அண்ணி.”