பரவாயில்லைக்காரர் வீட்டு வாசல்

மழை பிந்திப் பெய்த வருடத்தில், மூன்றாம் மாடித் தையற்காரிக்கு அவள் வீட்டு வாசல் ஒரு காய்கறிப் பையின் அளவுக்குச் சிறுத்துப்போனது. அதே வருடம்தான் தெருமுனை மருந்துக்கடைக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள், பால் விலையும் இரண்டு முறை ஏறியது. வாசல் சிறுத்தது அவளுக்கு மட்டும். அவள் கணவர் காலையில் குடையும் சாப்பாட்டு டப்பாவுமாக அதே வாசல் வழியாக வேலைக்குப் போய், மாலையில் அதே வாசல் வழியாகத் தலை குனியாமல் திரும்பி வந்தார். துணி தைக்கக் கொடுப்பவர்களும் தாராளமாக உள்ளே வந்து, அளவு கொடுத்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள். அவள் போய் நின்றால்தான் நிலைச்சட்டம் இரண்டு பக்கமும் நெருங்கி, மேற்கட்டை இறங்கி, முழங்கால் உயரத்துக்கு ஒரு பொந்து மட்டும் மிஞ்சியது.

எல்லாம் ஒரு சுளுக்கில் ஆரம்பித்தது. சந்தைப் படியில் கிடந்த வெண்டைக்காய் நுனியில் கால் வைத்து வழுக்கி, கணுக்கால் பூசணியாக வீங்கி வீடு வந்து சேர்ந்தாள். கணவர் பதறிப்போனார். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையிலேயே தலை நரைத்தவர் அவர். ஆனால் தன் வாழ்நாளில் தானாக ஒரு புகார் சொன்னதில்லை. ஒரு கால் பெரிதும் ஒரு கால் சிறிதுமாகச் செருப்பைக் கட்டிக் கொடுத்தாலும், ஹோட்டலில் ஆறி அவலாய்ப் போனதைக் கொண்டுவந்து வைத்தாலும், "பரவாயில்ல, இருக்கட்டும்" என்பார். தெரு முழுக்க அவருக்குப் பரவாயில்லைக்காரர் என்றுதான் பெயர். அன்று ராத்திரியே செல்போனில் எதையோ ஏற்றிக் கொடுத்து, "இனிமே நீ அலைய வேண்டாம்மா. விரலால தட்டினாப் போதும், வீட்டுக்கே வந்துடும். உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதில் யாரும் குறை காண முடியாது. முதல் பை உள்ளே வந்தபோது நிலைச்சட்டம் லேசாக முனகியது. மழைக்கு மரம் ஊதுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மழையோ இன்னும் ஒரு துளி விழுந்திருக்கவில்லை.

சுளுக்கு தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை. சும்மா சொல்லக் கூடாது, சௌகரியமாகத்தான் இருந்தது. மிஷினை விட்டு எழுந்திருக்காமலே தக்காளி வந்தது, வெங்காயம் வந்தது, எல்லாம் ஒரே அளவில், கண்ணாடித் தாளில் சுற்றி, முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தது. வெண்டைக்காய்கள் மட்டும் நுனி முறியாமல், முழுசாக, முரடாக வந்தன. யாரோ முகம் தெரியாத ஒருவர் அவளுக்காகப் பொறுக்கியவை. நறுக்கினால் கத்தி திரும்பியது. முன்பெல்லாம் அவள் ஒவ்வொன்றாய் நுனியை ஒடித்துப் பார்ப்பாள், பத்தை எடுத்து ஒன்பதைத் திரும்பப் போடுவாள், சந்தையில் இருக்கும் தராசுக்காரி, "ஏம்மா, வாங்க வந்தியா, என் கடையை மொட்டையடிக்க வந்தியா?" என்று கத்துவாள், இவள் பதிலுக்குக் கத்துவாள், பிறகு இரண்டு பேரும் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பார்கள். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்துவந்தது. தட்டினால் வரும் பையோடு யாரும் சண்டை போட முடியாது.

பொத்தான் வாங்கக் கிளம்பிய ஒரு நாள் அவளுக்குத் தோள் இடித்தது. தையற்காரி அல்லவா, உடனே டேப்பை எடுத்து அளந்தாள். பக்கத்துக்கு நாலு விரல் பிடித்துத் தைத்தது போல வாசல் இறுகியிருந்தது. தச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து தன் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, நிலை சரியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு அவளை நிற்கச் சொல்லி, அவள் டேப்பையும் வாங்கிப் பார்த்தார். அதுவும் பொய் சொல்லவில்லை. "எனக்கு வாசலை இழைக்கத் தெரியும், ஆளை இழைக்கத் தெரியாதுங்க," என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். காய்கறி அனுப்பும் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பெண் தேன் குரலில், "பொருள்ல ஏதாவது குறையா மேடம்?" என்று கேட்டது. "பொருள் நிறையத்தான் வருது, வாசல்தான் குறையுது," என்றாள் இவள். அதற்குத் தங்களிடம் வழி எதுவும் இல்லை என்று அந்தப் பெண் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் உண்மையான வருத்தம்தான், குரலில் தெரிந்தது.

கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவர் வெளியே போய்விட்டார், அவள் நெற்றி நிலையில் மோதி வீங்கியது. கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஒருவர் இருக்கும்போது அவர் தன் கையால் பொறுக்கி எடுக்காத சாப்பாட்டுச் சாமான் வாசல் தாண்டி வந்தால், அவருக்கு வாசல் ஒரு விரல் குறைகிறது. சரி, போனை ஓரம் கட்டுவோம் என்று கணவரே வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வந்தார். அவரைக் கண்டாலே கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அழுகல், சொத்தை, முற்றல், வேறு யாரும் சீந்தாதது எல்லாம் அவர் பைக்குள் போனது. "பரவாயில்ல, வேக வச்சா ஒண்ணும் தெரியாது," என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். வாசல் இன்னும் ஒரு விரல் இறங்கியது. கொண்டுவருவது கம்பெனியா, கட்டிய கணவனா என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. சாப்பிடாமலும் இருக்க முடியாது. ஜன்னலுக்கோ கம்பி. அந்த மழைக்காலம் முழுக்க அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தபடி, தன் வாசலைப் பிரிக்க ஒரு நூல் நுனி அகப்படாமல் மருகினாள். சில நாள் தையலின் மேலேயே கண்ணீர் விழுந்தது, அதை இஸ்திரி போட்டு மறைத்தாள். வெளியே போய்த் தன் கையால் ஒரு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் வீசிவிட்டு வர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மழை விட்ட ஒரு மத்தியானம் தராசுக்காரி இடுப்பில் கூடையோடு மூன்று மாடி ஏறி வந்தாள். "உயிரோட இருக்கியா, போய்ச் சேந்துட்டியான்னு பாக்க வந்தேன். உன்கூடச் சண்டை போடாம எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு," என்றாள். உள்ளே வர வேண்டாம் என்று இவள் அலறினாள், விவரத்தைச் சொன்னாள். தராசுக்காரி எத்தனையோ விதமான மனுஷர்களுக்கு நிறுத்துப் போட்டவள், ஆச்சரியப்படவில்லை. கூடையை வெளியிலேயே இறக்கி, படியில் உட்கார்ந்தாள். கதவு அகலத் திறந்து கிடக்க, வாசலில் குப்புறப் படுத்துக் கையை மட்டும் வெளியே நீட்டும் ஒரு பெண்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தாள். அந்தக் கை கூடையைத் துழாவி, ஒரு வெண்டைக்காயை எடுத்து, நுனியை ஒடித்துப் பார்த்தது. ஒடியவில்லை. "இதை மாட்டுக்குப் போடு," என்று வீசியது. நிலைச்சட்டம் முனகிக்கொண்டு ஒரு விரல் அகன்றது.

மறுநாளிலிருந்து தராசுக்காரி மத்தியானக் கடையை மூடிவிட்டு வந்தாள். எதை எடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு, வேலை சீக்கிரம் முடியும் என்று யோசனை சொன்னாள். அது பலிக்கவில்லை. நல்ல காயைப் பொய்யாகத் தள்ளினால் வாசல் அசையவில்லை. ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, பார்த்து, மனதார வேண்டாம் என்றால்தான் அது இளகியது. சமையலுக்கு வேண்டியதை அவளே பொறுக்கி எடுத்ததால் அது உள்ளே வந்தும் வாசலுக்குக் கெடுதல் ஏதும் நேரவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் தோள் வெளியே வந்தது, பிறகு இடுப்பு. ஒரு காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்தபடியே இறங்கிப் போனாள்.

அந்த வருடம் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். அவளோ தினமும் சந்தைக்குப் போனாள். விட்டதைப் பிடிக்கிற வெறியில் முகர்ந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், கிள்ளிப் பார்த்தாள், கை கொள்ளாமல் வாங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் பரப்பினாள். "பாருங்க, எப்படிப் பொறுக்கியிருக்கேன்!" அவரும் சந்தோஷமாகப் பார்த்தார், சாப்பிட்டார், நன்றாயிருக்கிறது என்றார். ஒரு நாள் பெரிய பூசணி ஒன்றைப் படிவரை தூக்கி வந்துவிட்டு, மூச்சு வாங்க, "என்னங்க, வந்து கொஞ்சம் பிடிங்க," என்று கூப்பிட்டாள். அவர் வரவில்லை. தரையோடு தரையாக அவர் கை மட்டும் வாசலுக்கு வெளியே நீண்டது. கதவு அவளுக்கு அகலத் திறந்துதான் கிடந்தது. அவர் உள்ளே குப்புறப் படுத்திருந்தார்.

அவள் பூசணியைப் படியிலேயே போட்டுவிட்டுக் குனிந்தாள். "ஐயோ, எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான். நீ அவ்வளவு சந்தோஷமா வந்தியா, சொல்ல மனசு வரல. பரவாயில்ல, விடு."

அவர் உள்ளே இருக்க, அவர் பொறுக்காததை நாள் தவறாமல் அவளே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள். தனக்கு நேர்ந்தபோது ஒரு விரல் விடாமல் அளந்தவள், அவர் வாசலை ஒரு தடவை கூட அளந்து பார்க்கவில்லை. அன்று முழுக்க அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் சந்தையிலிருந்து வந்ததும் கூடையைப் படியிலேயே வைத்து உட்கார்ந்தாள். தராசுக்காரி முற்றலாகப் பார்த்து அனுப்பியவற்றை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்தாள். "நுனியை ஒடிச்சுப் பாருங்க. பட்டுன்னு ஒடியலன்னா வேண்டாம்னு திருப்பிக் குடுங்க." அவர் ஒடிக்கப் பார்ப்பார். காய் வளையும், நார் உரியும், ஒடியாது. "பரவாயில்ல, இருக்கட்டும்," என்று உள்ளே வைத்துக்கொள்வார். வாசல் இன்னும் குறையும். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உலகத்துல உங்களுக்கு வேண்டாம்னு ஒண்ணுமே இல்லையா?" என்று கத்தினாள். "நீ குடுக்கறதை எப்படிம்மா வேண்டாங்கறது?" என்றார் அவர் தரையிலிருந்து. அவள் எழுந்து போக மனமில்லாமல், அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள். மாதங்கள் அப்படியே போயின. துணி கொடுக்க வருகிறவர்கள் படியில் அவளையும் தரையில் அவரையும் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

அடுத்த வருடமும் மழை பிந்தியது. மேகம் கறுத்திருந்த ஒரு சாயங்காலம், அவர் ஒரு காயை வாங்கி விரல்களில் உருட்டிப் பார்த்தார். பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. கை வெளியே வந்தது, அதில் அந்த வெண்டைக்காய் இருந்தது. "இது... வேண்டாம்மா," என்றார், தப்பு செய்துவிட்டவர் குரலில்.

அவள் வாங்கிப் பார்த்தாள். நுனியை விட்டுவிட்டுக் காம்புப் பக்கம் ஒடித்திருந்தார். முற்றல்களோடு தவறி வந்துவிட்ட நல்ல பிஞ்சு, கூடையிலேயே அருமையான காய் அதுதான். ஆனாலும் அவர் வேண்டாமென்றது மனதார; நிலைச்சட்டம் மெல்ல முனகி, ஒரு விரல் அகன்றது.

"நல்ல காயா அது?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"பரவாயில்ல," என்றாள் அவள். சொல்லிவிட்டு, அடுத்ததை எடுத்து அவர் கையில் வைத்தாள்.