தேதி போன பச்சைப் பாக்கெட்

கிட்ட வாங்க, கண்ணுகளா. சாரல் அடிக்குது, கதவைச் சாத்திட்டு உட்காருங்க. ஒரு பழைய டிவியின் கதை சொல்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துவிடுங்கள், அது கடைசி வரை நீடிக்காது.

கீலுங் துறைமுகத்து மழை உங்களுக்குத் தெரியாததா? அப்படி ஒரு மழை நாளில் பி ஹூன் அக்கா எங்கள் ரிப்பேர் கடைக்குக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியில் பெரிய டப்பா டிவி. போட்டுப் பார்த்தோம். குரல் வந்தது. ஆனால் திரை முழுக்க இருட்டு, நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

"இருபத்தாறு வருஷ டிவி. கல்யாணச் சீரா அக்கா?" என்றார் என் வீட்டுக்காரர் தெக் ஹாய்.

"சீரா வந்தது தையல் மெஷின். அதுவும் ஓடலை. விளையாடாதீங்க அண்ணே, மூணு நாளா அவர் வாயில ஒரு பருக்கை போகலை."

அவள் புருஷன் ஆ தோ மீன்பிடிக் கப்பலில் இருந்தவர். இப்போது மறதி நோய். அவளையே யாரென்று கேட்பார். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த டிவியில் பொம்மலாட்டம் தொடங்கியதும் தானாக வாயைத் திறப்பார். அவள் சர்க்கரைவள்ளிக் கஞ்சியை ஊட்டிவிடுவாள். மகள் வாங்கித் தந்த தட்டை டிவியை ஜன்னல் என்று நினைத்து, "சாத்து, மழை வருது" என்றாராம்.

அக்கா பையிலிருந்து ஒரு பச்சைப் பாக்கெட்டை எடுத்தாள். தேங்காய்ப்பால் வாசச் சோளப்பொரி. சமர்த்தாக இரு என்று சொல்லி மெஷின் மேல் வைப்போமே, அதுதான். தேதி போகுமுன் மாற்ற வேண்டும், யாரும் தின்னக் கூடாது, இல்லாவிட்டால் மெஷின் முரண்டு பிடிக்கும் என்பார்கள். தேதி போய் ஆறு வருஷம்.

"நான்தான் மாத்தலை. மறதி அவருக்கு மட்டும்னு நினைச்சிருந்தேன்."

"பொரி என்னக்கா பண்ணும்? உப்புக்காத்து உள்ள புகுந்து, கம்பிகளைப் பிடிச்சிருக்கிற ஈயப்பத்து விட்டிருக்கும்" என்றார் இவர். பின்மூடியைக் கழற்றி, ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு மறு கையால் வேலை செய்தார். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாது. திரைக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்து நிற்பது என் வேலை. பின்னால் இருப்பவர் அதில்தான் படத்தைப் பார்ப்பார்.

வெடித்திருந்த இடங்களில் புதுசாகப் பற்று வைத்தார். கோடு விரிந்து படமானது. அக்கா கைதட்டினாள். நான் தட்டவில்லை. கண்ணாடியில் முகங்கள் சாம்பல் பூசினாற்போல் மங்கலாக இருந்தன.

"படம் காட்டுற டியூபுக்கு உயிர் போயிட்டிருக்குக்கா. அதோட சூட்டைக் கொஞ்சம் ஏத்தி விடலாம், வெளிச்சம் வரும். ஆனா எத்தனை நாளுன்னு கேக்காதீங்க" என்றார் இவர்.

"இன்னிக்கு ஆறு மணிக்கு ஓடுமா?"

"ஓடும்."

"அது போதும்."

ஏற்றினார். நிறம் பளிச்சென்று வந்தது. நானே புதுப் பாக்கெட் ஒன்று வாங்கி, தேதி பார்த்து, டிவி மேல் வைத்து அனுப்பினேன்.

அன்றைக்கு ஆ தோ பொம்மையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். ஊட்டும்வரை காத்திருக்கவில்லை. எழுந்து போய் டிவி மேலிருந்த பாக்கெட்டைப் பிரித்து, பாதிப் பொரியைத் தின்றுவிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்குப் பொம்மைகளின் குரல் வந்தது, முகம் வரவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் வீட்டுக்கே போனோம். இவர் பின்மூடியைக் கழற்றி ரொம்ப நேரம் பார்த்தார்.

"டியூப் போச்சுக்கா. தைபே முழுக்கத் தேடினாலும் இந்த டியூப் கிடைக்காது."

"மெஷினுக்கு வச்சதைத் தின்னாரே, அதனாலயா?"

"இல்லவே இல்லக்கா."

"நான் பார்த்துட்டுதான் இருந்தேன் அண்ணே. தின்னக் கூடாதுன்னு தெரியும். ஆனா மூணு நாளுக்கு அப்புறம் மெல்லுற வாய். எப்படித் தடுப்பேன்? டிவி போனாப் போகட்டும்னு இருந்துட்டேன்."

இவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

அதன் பிறகு தினம் ஒரு புதுப் பாக்கெட்டைச் செத்த டிவி மேல் வைத்துப் பார்த்தாள். ஒரே ஒரு நாள் ஒரு கைப்பிடி தின்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியே குழாய் போட்டார்கள். பார்க்கப் போனபோது அவர் தலைமாட்டில் ஒரு பச்சைப் பாக்கெட் இருந்தது. அக்கா அதைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். மறுபடி நேராக நிறுத்தினாள்.

"சமர்த்தா இருங்க" என்றாள். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டில் ஊட்டுகிற கைக்குத் திறக்கிற வாய் இருக்கட்டும், கண்ணுகளா. கஞ்சிக் கிண்ணம் எப்போதும் காலியாகவே கழுவப் போகட்டும்.