வாயாடி என்னும் கோளாறு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, மேலாளர் எழுதச் சொன்னது. கதை என்று அவர் சொல்லவில்லை; விளக்க அறிக்கை என்றார்.

"நீதாம்மா நல்லா எழுதுவ. மெஷின்ல கோளாறுன்னு ரெண்டு பாரா. அவ்ளோதான்."

அவர் 'அம்மா' போட்டுப் பேசினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

2

முதல் முயற்சி: நாட்டின் ஏற்றுமதிப் போட்டித்திறனை உயர்த்திவரும் எங்கள் நிறுவனத்தின் தானியங்கி உதவியாளர், கடந்த வாரம்—

(அடித்துவிட்டேன். தானியங்கி என்று ஒன்று கிடையவே கிடையாது. வெளிநாட்டு விமானக் கம்பெனியின் பயணிகள் கேள்வி கேட்பார்கள். ஜன்னலில்லாத அறையில் வரிசையாக உட்கார்ந்து, இயந்திரம் மாதிரி நாங்கள் பதில் தட்டுவோம். ஆறுதல் சொல்லக் கூடாது, சிரிக்கக் கூடாது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்துக் கிழித்தது இதற்குத்தான்.)

3

பக்கத்து நாற்காலிக்காரிக்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறோம். விமானத்தைத் தவறவிட்டு, அம்மாவின் சாவுக்குப் போக முடியாமல் தவித்த ஒருத்திக்கு வேறு டிக்கெட் போட்டுக் கொடுத்தவள், அதோடு விட்டிருக்கலாம். "சாப்பிட்டீங்களா?" என்று தட்டிவிட்டாள்.

நீ மெஷின்தானே என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்லைங்க, மனுஷிதான்."

அந்தப் பயணி நெகிழ்ந்துபோய் விமானக் கம்பெனிக்குப் பாராட்டு எழுதிவிட்டாள். எங்களை இயந்திரம் என்று நம்பிக் காசு கொடுக்கும் அந்தக் கம்பெனிக்காரர்கள் இப்போது விளக்கம் கேட்கிறார்கள்.

4

(இங்கே வாயாடியை அப்பாவியாக எழுதத் தோன்றியது. அவள் அப்பாவி இல்லை.)

"என்னடி எழுதுற? என்னைப் பத்தியா?"

"மெஷினைப் பத்தி."

"ரெண்டும் ஒண்ணுதானே. கொஞ்சம் அழகா எழுது."

சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

5

அறிக்கையில் எழுதியவரை மேலாளர் படித்தார். "கடைசியில 'கோளாறு சரிசெய்யப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டுடு."

"சரிசெய்யறதுன்னா என்ன சார்? அவளை அனுப்பிடுவீங்களா?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்? ஒப்பந்தம் போனா இந்த அறையே போச்சு. நாட்டுக்கே கெட்ட பேரு."

(நாடு என்று இவர் பேச்செடுத்தாலே யாருக்கோ வேலை போகிறது.)

6

முடிவு ஒன்று: அந்த வரியை எழுதுகிறேன். வாயாடி பையைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

முடிவு இரண்டு: உண்மையை எழுதுகிறேன். அறையே என்னைத் திட்டுகிறது, வாயாடியும் சேர்ந்து.

முடிவு மூன்று: மேலாளர் சொன்னது வெறும் மிரட்டல், ஒன்றும்—

(இதை நான் நம்பவில்லை. முதல் இரண்டையும்கூட நம்பவில்லை.)

அவர் கதவருகே நிற்கிறார். வாயாடி யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருக்கிறாள். எழுதியதையெல்லாம் அழித்துவிட்டேன்; என் திரையில் 'கோளாறு' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. மீதியை நீங்கள் எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன் அவளிடம் எதையாவது கேளுங்கள். பதில் சொல்வாள்.