ஒழுக வேண்டிய ஓட்டை

எங்கள் வீட்டு ஓனர் ஏகநாதன் சாருக்கு உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான். ஒழுகும் குழாய். இரும்புலியூரில் அவருடைய நிலம் நிலமாகவே இருந்தபோது வரப்பு உடைந்தால் எப்படி ஓடியிருப்பாரோ, இன்று எந்த மாடியில் குழாய் சொட்டினாலும் அப்படி ஓடுகிறார். பழைய சைக்கிள் டியூபை நாடா மாதிரி கிழித்து, சுருட்டி, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியோடு வைத்திருப்பார். சொட்டும் இடத்தில் இழுத்து இறுக்கி ஒரு கட்டு, அவ்வளவுதான். கட்டுவார், யாரிடமும் சொல்லமாட்டார். மாடிப்படிக் குழாயில் புதிதாக ஒரு கறுப்புக் கட்டு தெரிந்தால், சார் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவருடைய வீட்டு முதல் மாடியில் குடியிருந்துகொண்டு நான் கோல்டு ஃபிஷ் வளர்க்கிறேன்.

கோல்டு ஃபிஷ் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அது போடுகிற அழுக்கு இருக்கிறதே, சொல்லி மாளாது. வாரத்தில் இரண்டு நாள் பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவேன். இந்தக் கோடையில் போர்வெல் தண்ணீர் கீழே இறங்கிப்போனது. பக்கெட்டும் கையுமாக நான் நின்ற ஒரு காலையில் சார் மேலே ஏறி வந்தார்.

"ஷர்மிளா, மீனுக்கு இன்னாத்துக்கும்மா இத்தினி தண்ணி? நாங்களே பாத்து பாத்து மோட்டார் போட்டுகினு கீறோம்."

"அழுக்குத் தண்ணில விட்டா செத்துடும் சார்."

"அப்போ தண்ணி மாத்தறத நிறுத்து. இல்ல, மீன நிறுத்து."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் கூடுதலாகவே வந்தது. நாள் முழுக்க வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிறவள் நான். தலையைத் தூக்கினால் எனக்குத் தெரிகிற உயிர் அந்த மீன்கள்தான். அதிலும் குண்டன் என்று ஒருத்தன், கறுப்பு நிறம், பிதுங்கிய கண்; என் நாற்காலி நகர்ந்தாலே கண்ணாடியோரம் வந்து நிற்பான். அவனைக் கொண்டுபோய்க் கடையில் விடுவதா?

அன்றிலிருந்து யூடியூப் பார்க்க ஆரம்பித்தேன். வழி கிடைத்தது. அதற்கும் பெயர் சம்ப்தான், ஆனால் தரையைத் தோண்டிக் கட்டுகிற சம்ப் இல்லை. மீன்தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் இன்னொரு தொட்டி. மேலே இருந்து அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும். ஸ்பாஞ்ச், பாத்திரம் தேய்க்கிற நார், உடைத்த செங்கல் துண்டு என்று ஒவ்வொன்றாகத் தாண்டிச் சுத்தமாகும். கடைசியில் ஒரு சின்ன மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றிவிடும். என் ஸ்டாண்டுக்குள் நுழைகிற அளவில் கடையில் கிடைக்கவில்லை. சரி, நானே செய்துவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

குரோம்பேட்டை ஹார்டுவேர் கடையில் பைப்பும் எல்போவும் கேட்டது நான். கடைக்காரர் என் கணவர் ஜீவானந்தத்தைப் பார்த்தே, "சார், முக்கால் இஞ்சா, ஒரு இஞ்சா?" என்றார்.

"மேடத்தக் கேளுங்க. நான் பை தூக்க வந்தவன்" என்றார் ஜீவா. அந்த ஒரு பேச்சுக்காக அவருக்கு அன்றைக்கு ரோட்டோரம் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஓர் ஓட்டை. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். அப்போது, வாய் தண்ணீருக்குள் முங்கியிருக்கிற மேலேற்றும் குழாயே தொட்டித் தண்ணீரைப் பின்பக்கமாக உறிஞ்சிக் கீழே இறக்க ஆரம்பித்துவிடும். கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து வீடு குளமாகும். அதனால் அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்ன ஓட்டை போட வேண்டும். மோட்டார் நின்றதும் அதன் வழியாகக் காற்று நுழைந்து உறிஞ்சலை அறுத்துவிடும். மோட்டார் ஓடும்போதோ அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் 'சொர்'ரென்று தொட்டிக்குள்ளேயே பீய்ச்சி அடிக்கும். பார்த்தால் அசல் ஒழுகல். ஆனால் வீட்டைக் காப்பாற்றுவது அதுதான்.

ஆணியைக் காய்ச்சி நானே ஓட்டை போட்டேன். கரண்ட் போனால் என்ன ஆகுமென்று பார்க்க ஜீவா மோட்டார் சுவிட்சை அணைத்தார். கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏறி, விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. நான் குதித்த குதியில் ஏகநாதன் சார் மேலே வந்துவிட்டார். எங்கள் ஹாலுக்கு நேர்கீழே அவருடைய ஹால். மகள் கல்யாணத்துக்கென்று புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்.

"ஒரே ஒரு சொட்டு கீழ எறங்கிச்சு, அன்னிக்கே தொட்டி காலி. சொல்ட்டேன்."

"எறங்காது சார். எறங்கினா நானே எடுத்துடறேன்" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போகும்.

அதன் பிறகு எங்களுக்கு நல்ல காலம்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது. பக்கெட் தூக்கும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது. குண்டன் இன்னும் குண்டானான். இந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்க்க வந்த சாரைத் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கீதும்மா. சுத்தமா கீது" என்றார். காபியைக் குடித்தார். போய்விட்டார்.

அவர் போன பிறகு அந்த 'சொர்' சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் மட்டம் சரியாக அமைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, எழுந்துகூடப் பார்க்காமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய்ந்ததும் இடியோடு கோடை மழை பிடித்தது. கரண்ட் போனது.

"ஷர்மி, தொட்டி?" என்றார் ஜீவா.

"அதெல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு. பேசாம உக்காருங்க."

பேசாமல்தான் உட்கார்ந்திருந்தோம், கால் நனைகிற வரைக்கும். அதற்கப்புறம் போர்வை, துண்டு, ஜீவாவின் புது வேட்டி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தரையில் போட்டேன். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஜீவா இருட்டில் துழாவி, மேலேற்றும் குழாயை அப்படியே பிடுங்கித் தரையில் போட்டார். நின்றது.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. டார்ச்சோடு ஏகநாதன் சார்.

"ஷர்மிளா! கீழ ஹால்ல சொட்டுது!"

எனக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஜீவாதான் இருந்தார். "நீங்க அளந்த அளவு தப்பு, நீங்க வெட்டின பைப் தப்பு" என்று ஒரு மூச்சு திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டார். திட்டி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான். பக்கெட்டைத் தொட்டியோரம் வைத்துவிட்டு வலையை எடுத்தேன். குண்டன் எப்போதும்போல, சாப்பாடு வருகிறதென்று நேராக வலைக்கு முன்னால் வந்து நின்றான்.

பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் தரையில் கிடந்த குழாய் மேல் போய் நின்றது. சார் குனிந்து அதை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நினைத்திருந்தால், நனைந்த கையோடு அதிலிருந்த முடிச்சை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

"ஷர்மிளா, மீன எடுக்காத."

"இல்ல சார், சொன்னா சொன்னதுதான்."

"இத நான் கட்டிட்டேம்மா. நீ காபி போடப் போனப்போ. பீச்சி அடிச்சிகினு இருந்துச்சா, எனக்கு மனசு கேக்கல."

திரும்பிப் பார்த்தேன். குழாயில், என் ஓட்டை இருந்த இடத்தில், கறுப்புக் கட்டு. கத்தத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை. ஜீவா மட்டும், "அப்போ என்னத் திட்டினது?" என்றார்.

அது எதற்கான ஓட்டை என்று சாருக்கு விளக்கினேன். "ஒழுகறதுக்குன்னே ஓட்டையா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். பிறகு அவரே நகத்தால் நெம்பி முடிச்சை அவிழ்த்தார். டார்ச்சை ஜீவா பிடித்துக்கொள்ள, குழாயைப் பழையபடி மாட்டினோம். கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. ஓட்டையிலிருந்து தண்ணீர் சொர்ரென்று பீய்ச்சி அடித்தது. சாரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், பாதியில் நின்றது.

அவருடைய புது சீலிங்கில் இப்போது பழுப்பாக ஒரு திட்டு இருக்கிறது. அவர் மனைவி கங்கையம்மாள் அக்கா, மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "இவரு கட்டின கட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

சார் தினமும் சாயங்காலம் மீன் பார்க்க வருகிறார். குண்டன் அவருக்கும் கண்ணாடியோரம் வந்து நிற்கிறான், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றுவார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த சைக்கிள் டியூப் சுருளை எடுத்து, செருப்பின் மேல் வைத்துவிட்டு உள்ளே வருவார்.