ஜுமானா அழகாகப் பாடினாள்

முஹர்ரம் பே என்ற பகுதியில், டிராம் திரும்புகிற முனையில், இரண்டாவது மாடியில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. நெர்மின் அங்கே நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். எழுத்து சொல்லிக்கொடுப்பது, மூக்கு துடைப்பது, சண்டை விலக்குவது எல்லாம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். அன்றைக்கு வகுப்பில் நடந்ததைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். கொஞ்சம் படங்கள், ஒரு பாட்டு வீடியோ, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி. ஃபரீதா தன் பெயரின் முதல் எழுத்தைத் தானாகவே எழுதினாள். அட்ஹம் இன்று கேரட்டையும் சாப்பிட்டான்.

போட்ட உடனே வேலைக்குப் போயிருக்கும் அம்மாக்களிடமிருந்து சிவப்பு இதயங்கள் வந்து விழும். பஸ்ஸில் நின்றுகொண்டு அவற்றைப் பார்க்கும்போது கால்வலி கொஞ்சம் குறைந்தது மாதிரி இருக்கும் அவளுக்கு.

பள்ளியை நடத்தியவள் மதாம் இஜ்லால். அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"குழுவுல நல்ல சேதி மட்டும்தான் போகணும். அழுதான், கடிச்சான், கீழ விழுந்தான்னு ஒரு வரி வரக் கூடாது. பின்னாடி தெருவுல புதுசா ஒருத்தி நர்சரி போர்டு மாட்டியிருக்கா பாத்தியா? நம்ம வாய்லேர்ந்து என்ன விழும்னு காத்துக்கிட்டிருக்கா."

அந்த வகுப்பில் ஜுமானா என்று ஒரு பெண் குழந்தை. சுருட்டை முடி, எப்போதும் மலர்ந்த முகம். அழ மாட்டாள், யாரையும் தள்ள மாட்டாள். பேசவும் மாட்டாள், கூச்சம் என்று விட்டிருந்தார்கள். அவளுடைய அம்மா இனாஸ் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அப்பா ரஃபத் குவைத்தில் லாரி ஓட்டினார். மகள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது போனவர், இடையில் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தார். குழுவில் வீடியோ போட்டால் முதலில் அவருடைய குரல் செய்திதான் வரும்.

"மிஸ் நெர்மின், அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும். ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். பொண்ணு பாடறா, மாஷா அல்லாஹ்!"

குளிர்காலம் தொடங்கியிருந்த ஒரு மதியம். கை கழுவ வரிசையில் வரச் சொல்லி நெர்மின் குரல் கொடுத்தாள். எல்லாரும் எழுந்து ஓடினார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து களிமண் உருட்டிக்கொண்டிருந்த ஜுமானா மட்டும் அசையவில்லை. நெர்மின் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். பிறகு ஒரு அலுமினியத் தட்டை எடுத்துத் தரையில் போட்டாள். வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஜுமானா களிமண்ணை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை நெர்மின் தன் போனில் இருந்த பழைய வீடியோக்களை ஒன்றொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எல்லாப் பாட்டிலும் ஜுமானாவின் கண் பக்கத்தில் நின்ற ஃபரீதாவின் வாயின் மேல்தான் இருந்தது. ஃபரீதா வாய் திறந்த பிறகுதான் அவள் திறந்தாள்.

மறுநாள் காலை அவள் மதாம் இஜ்லாலின் அறைக்குப் போனாள்.

"மதாம், ஜுமானாவுக்குக் காது கேக்கலைன்னு நினைக்கிறேன். அவங்க அம்மாகிட்டச் சொல்லணும்."

மதாம் காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். "உனக்கு எந்த மெடிக்கல் காலேஜ்ல பட்டம் குடுத்தாங்க?"

"இல்ல மதாம், நேத்து தட்டைக் கீழ போட்டுப் பாத்தேன்..."

"போன வருஷம் ஒரு அம்மாகிட்ட, உங்க பையனை ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். என் பிள்ளைக்குப் பைத்தியம்னு சொல்றியான்னு மாடிப்படியில நின்னு கத்தினா. அவ பிள்ளையோட அவ தங்கச்சி பிள்ளைகளும் இங்கேர்ந்து போச்சு. ஜுமானா கூச்ச சுபாவம். பெத்தவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப்போவுது? போ, போய் ஃபரீதா பக்கத்துலயே நிக்க வச்சு வீடியோ எடு."

நெர்மின் போனாள். நின்று பேசியிருக்கலாம். ஆனால் அந்தப் பகுதியில் வேலைக்கு வருகிறேன் என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். அவளுடைய தம்பிக்கு வேலை இல்லை. அன்றைக்கு மதியம் குழுவில் எழுதினாள்: ஜுமானா அழகாகப் பாடினாள். எழுதி அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அப்படியே மாதங்கள் போயின. ஜுமானாவிடம் பேசும்போது மண்டியிட்டு முகத்துக்கு நேராகப் பேசினாள். முன் வரிசையில் உட்கார வைத்தாள். தன்னால் ஆனதைச் செய்கிறோம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். வாசலில் இனாஸைப் பார்க்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். இனாஸ் அவசரமாக வருவாள், தோளில் நூல் ஒட்டியிருக்கும். "எப்படி இருந்தா மிஸ்?" என்பாள். "நல்லா இருந்தா ஜுமானாம்மா" என்று நெர்மினின் வாயிலிருந்து வந்துவிடும்.

அந்த ஊர் வழக்கப்படி மார்ச்சில் அன்னையர் தின விழா. நாற்காலிகளில் அம்மாக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் காகிதப் பூ செருகிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கிறாள் என்று மதாம் ஜுமானாவை முன்னால் நடுவில் நிறுத்தச் சொல்லியிருந்தாள். நெர்மின் எதிரே நின்று கையை அசைத்துக் காட்ட, ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து இசை பெரிதாகக் கிளம்ப, பிள்ளைகள் பாடினார்கள்.

பாதிப் பாட்டில் கரண்ட் போனது. இசை நின்றது. நெர்மின் சுவிட்சு இருந்த பக்கம் திரும்பினாள். பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

பாட்டு நின்ற பிறகும் ஒரு குரல் மட்டும் தொடர்ந்தது. ஜுமானா தலைக்கு மேல் கையை அசைத்துக்கொண்டு, கூடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆ, வா, ஆ என்ற ஓசை மட்டும். அம்மாக்கள் சிலர் கொஞ்சலாகச் சிரித்தார்கள். ஒருத்தி கை தட்டினாள். இனாஸ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

விழா முடிவதற்குள் அவள் ஜுமானாவைத் தூக்கிக்கொண்டு வகுப்பறைக்குள் வந்துவிட்டாள். நெர்மின் பின்னாலேயே ஓடினாள்.

"உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

நெர்மின் மேஜை மேல் கிடந்த களிமண்ணை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"குளிர் ஆரம்பிச்சப்பலேர்ந்து."

இனாஸ் பிள்ளைகள் உட்காருகிற சின்ன நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நெர்மினுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வீட்டுல பின்னாலேர்ந்து கூப்பிடுவேன், திரும்ப மாட்டா. வெளையாட்டு மும்முரம்னு நினைச்சுக்குவேன். ஏன் இன்னும் வார்த்தை வரலைன்னு பயமா இருக்கும். ராத்திரி தூக்கம் வராது. அப்ப நீங்க அனுப்பின வீடியோவப் பாப்பேன். அழகாப் பாடினான்னு எழுதியிருப்பீங்க. பள்ளிக்கூடத்துல பாடறா, டீச்சர் சொல்றாங்க, நமக்குத்தான் புத்தி சரியில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் தூங்கிடுவேன். நீங்க ஒண்ணும் எழுதாம இருந்திருந்தாக்கூட நான் டாக்டர்கிட்டப் போயிருப்பேன் மிஸ்."

அதற்குள் மதாம் இஜ்லால் வந்துவிட்டாள். "அடடா, ஜுமானாம்மா, இது என்ன, சின்ன விஷயம். நமக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார்..."

இனாஸ் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. மகளின் தலையிலிருந்த காகிதப் பூவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று மாலை வீடியோவை மதாமே குழுவில் போட்டாள். கரண்ட் போவதற்கு முன்னால் வெட்டியிருந்தாள். விழா மிகச் சிறப்பாக நடந்தது என்று எழுதியிருந்தாள். குவைத்திலிருந்து ரஃபத்தின் குரல் வந்தது. "முன்னாடி நிக்கறா என் ராஜாத்தி! பாருங்க, எல்லாரும் பாருங்க!" அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் இனாஸ் குழுவை விட்டு விலகினாள். மறுநாள் அவரும் விலகினார்.

நெர்மின் அவர்கள் வீட்டுக்கு ஒரு தடவை போனாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவள் மணி அடித்ததும் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு, கேட்ட பெற்றோர்களிடமெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினாள். கோடை விடுமுறை வந்ததும், அடுத்த வருஷத்துக்கு நீ வேண்டாம் என்று மதாம் சொல்லிவிட்டாள். சீதி பிஷ்ர் என்ற பகுதியில் வேறொரு மழலையர் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கேயும் ஒரு குழு இருந்தது. அங்கேயும் நல்ல சேதி மட்டும்தான்.

அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள், மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தபோது, டிராம் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தாள். ஜுமானா வளர்ந்திருந்தாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் கருவி மாட்டியிருந்தது. நெர்மினைப் பார்த்ததும் சிரித்தாள். யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் சிரிப்பாள்.

"இப்போ எப்படி இருக்கா?" என்று நெர்மின் கேட்டாள்.

"சத்தம் கேக்குது. பேச்சுதான் வரலை. பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னார் டாக்டர். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க." இனாஸின் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "இவ அப்பா வர்றேன்னார். அப்புறம் பயிற்சிக்குப் பணம் வேணுமேன்னு அங்கயே இருந்துட்டார்."

"சாயங்காலத்துல நான் வீட்டுக்கு வந்து சொல்லித் தர்றேன். தினமும் வர்றேன். எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

இனாஸ் மழைக்குத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்ததுதான் நெர்மினுக்கு ஆறுதல்.

"வேணாம் மிஸ். நீங்க வந்தா, இன்னைக்கு இவ என்ன கத்துக்கிட்டான்னு உங்ககிட்டக் கேப்பேன். நீங்க சொல்றத நான் நம்பணும்ல?"

டிராம் வந்தது. தாயும் மகளும் ஏறினார்கள். நெர்மின் போக வேண்டியதும் அதே டிராம்தான். அவள் ஏறவில்லை. அடுத்தது வரும்வரை மழையில் நின்றாள்.