வீடு திரும்பியது

கோப்பாயில் அருளம்பலத்தாரின் கிணற்றுத் தண்ணீருக்கு விலை, கிழமைக்கு இரண்டு விளைமீன். செவ்வாயும் வெள்ளியும் கொண்டுபோகக் கூடாது; அந்த நாட்களில் அவர் வீட்டில் சைவம். பேசி முடித்தவன் நான்தான். அவர் மூன்றில் தொடங்கினார், நான் ஒன்றில் தொடங்கினேன். இரண்டு பேரும் இரண்டை மனதில் வைத்துக்கொண்டுதான் வெற்றிலைத் தட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பெரியகடையில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது மூச்சு விடுவதுபோல. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் மனிதர் அசையவில்லை. தண்ணீரை அவருடைய மனைவி சிவக்கொழுந்து அள்ளி ஊற்றுவார். வாங்குகிறவர்கள் குடத்தைப் பிடிக்கலாம். கப்பிக் கயிற்றைப் பிடிக்கக் கூடாது.

“கயிறு வேறை கதை, தம்பி,” என்றார். அதற்கு அவரிடம் விலையே இருக்கவில்லை.

வாங்குகிறவர்கள் குருநகர்க் கடற்கரை ஆட்கள். எண்பத்தாறாம் ஆண்டு, கரையில் செல் குண்டு விழுந்து விழுந்து இருக்க முடியாமல், நாலு குடும்பங்கள் கோப்பாயில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வந்து கிடந்தன. அவர்களில் வள்ளம் கட்டுகிற கனிசியஸும் அவன் மனைவி லூர்த்தம்மாவும் எனக்குப் பழைய வாடிக்கை. வள்ளத்துக்கு வேண்டிய ஆணியும் தாரும் எங்கள் கடையில்தான் எடுப்பார்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் திங்கட்கிழமைக்கு முன்னால் மண்டபத்தை விட்டுவிட வேண்டும் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். லூர்த்தம்மாவுக்கு அப்போது எட்டு மாதம்.

“பள்ளிக்கூட வாங்குப்பலகைக்குக் கீழை பிள்ளை பெற என்னாலை ஏலாது முதலாளி,” என்றாள் என்னிடம். “கூரை ஒண்டு வேணும். சுவரெல்லாம் பிறகு பாப்பம்.”

அருளம்பலத்தாரிடம் புகையிலை வெட்டி முடிந்த தோட்டத் தறை ஒன்று சும்மா கிடந்தது. தருகிறேன் என்றார். சிக்கல் என்னவென்றால் அது பங்குக் காணி. காணியிலும் கிணற்றிலும் பாதி அவருடைய ஒன்றுவிட்ட தம்பி மார்க்கண்டருக்கு. மார்க்கண்டர் முந்தி நீதிமன்றத்தில் கிளார்க்காக இருந்தவர். பேப்பர் வாசிக்கும்போதுகூடக் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுகிற மனிதர்.

“உவை இருக்கட்டும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை,” என்றார். “ஆனா அத்திவாரம் எண்டு ஒரு மண்வெட்டி அந்த மண்ணிலை பட்டா, அடுத்த நாள் நான் கோட்டிலை நிப்பன். அத்திவாரம் போட்ட ஆளை ஆர் எழுப்பினது?”

“அத்திவாரம் போடாட்டி?”

“அத்திவாரம் போடாத வீடு, வீடோ?”

பேரம் பேசுகிற எதிராளியின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் தவறி விழுந்தால், அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மேலே பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். நானும் வந்துவிட்டேன். கனிசியஸிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

“வள்ளத்துக்கு ஆர் அத்திவாரம் போடுறது?”

பெரியகடையில் எங்கள் கடை எரிந்தபிறகு நான் அச்சுவேலியில் ஒரு பழைய புகையிலைக் கொட்டிலை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீடுகள் அதன் முற்றத்தில் பிறந்தன. மரமும் தகரமும் குருநகர்த் தேவாலயச் சுவாமியார் எடுத்துத் தந்தார். அடியில் பனந்தீராந்தி என்கிற பனை உத்தரங்களைச் சதுரமாகக் கோத்து, அதன்மேல் மரச் சட்டங்களை நிறுத்தி, சட்டங்களில் கிடுகை முன்கூட்டியே கட்டி, எல்லாவற்றையும் போல்ட்டு நட்டால் பூட்டுகிற மாதிரிக் கனிசியஸ் செய்தான். தரையில் கற்களை அடுக்கி, சதுரத்தைத் தூக்கி வைத்தால் சரி. ஒரு வீட்டுக்கு ஒரு நிறம். சிவப்புப் பூசிய துண்டு சிவப்போடுதான் பொருந்தும். நாலையும் முற்றத்தில் ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிட்டுக் கழற்றினோம்.

வேலை மெதுவாக நடந்தால் மார்க்கண்டர் ஊரைக் கூட்டிவிடுவார். பாதி வீட்டை நிறுத்த ஒரு கூப்பாடு போதும். முழு வீட்டை நிறுத்த வழக்கு வேண்டும். ஆகவே அம்மன் கோயில் தேர் அன்றைக்கு நாள் குறித்தேன். ஊர் முழுக்க வடம் பிடிக்கப் போய்விடும். மார்க்கண்டர் வடத்தின் முன் வரிசை ஆள்.

உழவு மிசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றுகிறபோதுதான் சண்டை வந்தது. ஆட்கள் தீராந்தி பாரம் என்று அதை அடியில் போட்டுத் தகரத்தை மேலே அடுக்கத் தொடங்கினார்கள்.

“இறக்கடா!” என்று கத்தினேன். “பாயாசத்தை மேலை வைச்சு இலையை அடியிலை வைச்சா, பந்தியிலை குந்தினவன் எதிலை சாப்பிடுறது? கடைசியாத் தேவைப்படுறது முதல் ஏறவேணும்.”

“தகரம் நசியுமே, முதலாளி.”

“தகரத்துக்கு ஒரு பெட்டி, மரத்துக்கு ஒரு பெட்டி. மரப்பெட்டி முன்னாலை போகட்டும். தகரம் புத்தூர்ச் சந்தியிலை நிண்டு, நாங்கள் ஆள் விட்டாப் பிறகு வரட்டும்.”

மரத்தின்மேல் வைக்கோல் போட்டு மூடினோம். மேலே ஆமிக் கெலிகொப்டர் சுற்றினால் அதற்கு வைக்கோல் வண்டியாகத் தெரியட்டும் என்று. உழவு மிசின் விடியவே புறப்பட்டது. கோயில் மேளம் எழும்பியபோது சிவப்பு வீட்டின் சதுரம் கற்களின்மேல் இருந்தது. சாமி தேரில் ஏறியபோது நாலு பக்கச் சட்டமும் பூட்டி முடிந்துவிட்டது. கூரைக்குத் தகரம் வரவேண்டியதுதான் பாக்கி. இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை என் வாழ்க்கையில் நடந்ததில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன்.

அப்போதுதான் சிவக்கொழுந்து, உலை வைப்பதற்காகக் கோயிலிலிருந்து பாதியில் வந்தவர், வேலியில் நின்று கூப்பிட்டார்.

“ஐயோ, தெற்கு வாசலோ? உதுக்குள்ளை ஆர் போய்ப் பிள்ளை பெறுறது?”

பார்த்தேன். கதவு அச்சொட்டாகத் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தது. அச்சுவேலி முற்றத்திலும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். நான் போல்ட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். கனிசியஸ் பிடரியைச் சொறிந்தான். அவனுக்கு முன்பக்கம் என்றால் வள்ளத்தின் அணியம், அணியம் என்றால் கடல், குருநகரில் கடல் தெற்கே.

“எங்கடை வீடெல்லாம் தெற்கைதான் பாக்கும், அக்கா. மீன் வாற பக்கம்.”

“இஞ்சை மீன் வாறது சைக்கிளிலை. சைக்கிள் வடக்காலைதான் வரும்,” என்றார் அவர். “எமன் வாற வாசலை எங்கடை காணியிலை வைக்க இவர் விடமாட்டார். நான் சொல்லிப்போட்டன்.”

கழற்றிப் பூட்டினால் பொழுதுபட்டுவிடும். மற்ற மூன்று வீடும் பெட்டியிலேயே கிடக்கும். லூர்த்தம்மா இடுப்பில் கையை ஊன்றியபடி வீட்டையும் புருசனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“என்ன யோசினை? கரைக்கு ஏத்துற வள்ளத்தைத் திருப்பமாட்டியளோ?”

சதுரத்துக்குக் கீழே பனங்குற்றிகளை உருளையாகக் கொடுத்தார்கள். மூலையில் கயிறு கட்டினார்கள். நாலு குடும்பத்து ஆண்களும் மிசின்காரரும் பிடித்தார்கள். கனிசியஸ் வலை இழுக்கிற அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்க, வீடு முனகிக்கொண்டு மெல்ல அசைந்தது. கோயில் பக்கமிருந்து அரோகரா கேட்டது. இங்கே அம்பா. கதவு தெற்கை விட்டுக் கிழக்குக்கு வந்து, வடக்கைப் பார்க்கப் பாதி தூரம் இருக்கையில், மார்க்கண்டர் வந்து நின்றார்.

ஈர வேட்டி. உடம்பெல்லாம் திருநீறு. வடம் இழுத்து உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. பாட்டு நின்றது. ஆனால் கயிற்றை யாரும் விடவில்லை; விட்டால் வீடு உருண்டுவிடும்.

“உதென்ன?”

நான் முன்னால் போனேன். “நீங்கள் சொன்னபடிதான், மார்க்கண்டர். அத்திவாரம் போடாதது வீடில்லையெண்டு சொன்னனியள். இப்ப உங்கடை கண்ணாலையே பாத்தனியள். வீடெண்டா அசையுமோ?”

அவர் வீட்டைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். வெட்டிய புகையிலைக் கட்டைகள் உருளையில் நசிந்திருந்தாலும் பிடுங்குப்படாமல் வரிசையாக நின்றன. மண்வெட்டி பட்ட அடையாளம் இல்லை. கோட்டுக்குப் போனால் என்ன எழுதுவது என்று அவர் மனதுக்குள் எழுதிப் பார்த்து அழிப்பது முகத்தில் தெரிந்தது.

“அப்ப இது என்ன?”

“தேர், ஐயா,” என்றாள் லூர்த்தம்மா. “இண்டைக்கு ஊரிலை ரெண்டு.”

 மார்க்கண்டர் தன் கையைப் பார்த்தார். கயிறு பிடித்து நின்றவர்களின் கையைப் பார்த்தார்.

“தேரெண்டா இருப்பிடத்துக்குத் திரும்பிப் போகவேணும், பிள்ளை. அதை மறந்திடாதேங்கோ,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

பொழுதுபடுவதற்குள் நாலு கூரைக்கும் தகரம் ஏறிவிட்டது. லூர்த்தம்மா பெண்பிள்ளை பெற்றாள், வடக்கு வாசலுக்குள்.

மாரி தொடங்கிய பிறகு, தகரத்துக்குத் தார் கொண்டுபோன ஒரு காலையில், மார்க்கண்டர் குடையோடு அங்கே நின்றார். தன் பாதியில் புதிதாக நட்ட புகையிலைக் கன்றுகளில் சிவப்பு வீட்டின் தாவாரத் தண்ணீர் விழுகிறதாம்.

“உதை ரெண்டு முழம் அங்காலை தள்ளுங்கோ.”

“தள்ளலாம், ஐயா,” என்றாள் லூர்த்தம்மா, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு. “கூலி இருக்கு.”

“எவ்வளவு?”

“காசில்லை. கிணத்திலையும் உங்களுக்குப் பாதிப் பங்குதானே? ஒரு வாளி நானே அள்ளுறன்.”

மார்க்கண்டர் என்னைப் பார்த்தார். நான் தார் வாளியைப் பார்த்தேன். 

“முதல் தள்ளுங்கோ,” என்றார்.

சரக்கு முதலில் என்று சொல்கிறவன் மறுத்தவனும் அல்ல, ஒப்புக்கொண்டவனும் அல்ல. ஆட்கள் வந்து, உருளை கொடுத்துத் தள்ளினார்கள். மார்க்கண்டர் முழம்போட்டுப் பார்த்துவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனார்.

லூர்த்தம்மா கிணற்றடிக்குப் போனாள். சிவக்கொழுந்து வழக்கம்போல வாளியோடு நின்றார். லூர்த்தம்மா குடத்தை நீட்டவில்லை, கிணற்றுக் கட்டில் வைத்தாள். இருவருக்கும் நடுவில் கப்பிக் கயிறு மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கணக்குப்படி, அந்தக் கிழமை மீன் கொடுத்தாயிற்று. வீடு இரண்டு முழம் நகர்ந்தாயிற்று. வரவேண்டியது, ஒரு வாளி.